மார்கஸ் சொன்னதும் நாங்கள் சொன்னதும்

1

பகல் வேளையில் பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தால் முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறார்." அதற்குப் பிறகு வருவது எதுவும் நல்ல செய்தியாக இருப்பதில்லை என்பதை இங்கே பிள்ளை வளர்க்கும் எல்லாத் தாய்மாரும் அறிவார்கள்.

பெப்ரவரி மாதம். நான் வேலை செய்யும் மருந்துக்கடையின் பின்னறையில் நின்றபடி அந்த வசனத்தைக் கேட்டேன். கவின் ஒரு சண்டையோடு சம்பந்தப்பட்டிருக்கிறான், பெற்றோர் உடனே வரவேண்டும் என்றார்கள். கவினுக்குப் பதினாறு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. வீட்டில் தட்டை ஓங்கி வைக்கத் தெரியாத பிள்ளை.

என் கணவர் இரவு வேலை முடிந்து படுத்திருந்தார். எழுப்பியதும் முகம் கழுவி, நீளக் கை சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, கலியாண வீடுகளுக்குப் போடும் சப்பாத்தையும் போட்டார். "சேர்ட் ஏன் இப்ப?" என்று கேட்டேன். "ஒபிசுக்கெல்லோ போறம்" என்றார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேசைக்குப் பின்னால் ஒருவர் இருந்தால் நாங்கள் எப்படி மாறுவோம் என்பது உங்களுக்கும் தெரியும். சோதனைச்சாவடி, ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் எடுக்கும் வரிசை, தூதரகம், இங்கே வந்தபின் குடிவரவு அலுவலகம். கதிரையின் விளிம்பில் இருப்பது, இரண்டு கையையும் முழங்காலில் வைப்பது, கேள்வி முடிவதற்குள் "யெஸ் சேர்" என்பது. உயிரோடு இங்கே வந்து சேர்ந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

பிரதி அதிபரின் அறைக்கு வெளியே பெவர்லி நின்றுகொண்டிருந்தாள். கவினின் சிநேகிதன் மார்கஸின் தாய். நகரப் பேருந்து ஓட்டுபவள், சீருடையோடு வந்திருந்தாள். எங்களைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

பிரதி அதிபர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குரலை உயர்த்தவில்லை. நடைபாதையில் ஒரு மாணவனைப் பின்னாலிருந்து யாரோ தள்ளியிருக்கிறார்கள். அவன் தண்ணீர்க் குழாய்த் தொட்டியில் முகம் அடிபட விழுந்து முன்பல் உடைந்துவிட்டது. தள்ளியது யார் என்று அவன் பார்க்கவில்லை. ஆசிரியர் ஓடிவந்தபோது மார்கஸின் கை அவனுடைய தோளில் இருந்தது. பக்கத்தில் கவின் நின்றிருக்கிறான்.

"கவின் நல்ல மாணவன். நல்ல குடும்பம் என்பதும் தெரிகிறது. இந்தச் சண்டையை மார்கஸ்தான் ஆரம்பித்தான், கவின் தற்செயலாக அருகில் நின்றான் என்றே நாங்கள் நினைக்கிறோம். அப்படித்தானே, கவின்?"

கவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கணவர் காத்திருக்கவில்லை.

"யெஸ் சேர். மை சன் நெவர் ஃபைற். சொறி சேர்."

பிரதி அதிபர் எழுதிக்கொண்டார். "இப்படி ஒத்துழைக்கும் பெற்றோர் இருந்தால் எங்கள் வேலை எவ்வளவு இலகு" என்று சொல்லி எழுந்து கைகொடுத்தார். கவினுக்கு எச்சரிக்கை மட்டும்.

வெளியே வரும்போது என் கணவரின் முகத்தில், விசா கிடைத்த அன்று இருந்த அதே ஆறுதலைக் கண்டேன். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

2

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தும்வரை கவின் பேசவில்லை.

"அப்பா, இற் வாஸ் மீ."

"என்னது?"

"நான்தான் தள்ளினனான். மார்கஸ் என்னைப் பிடிச்சு இழுத்தவன். பிறகு விழுந்தவனைத் தூக்கப் போனவன். அப்பதான் ரீச்சர் வந்தவ."

என் கணவர் காரை எடுக்கவில்லை. கண்ணாடியின் பனி மெல்ல இளகி வழிந்தது.

"அப்ப ஏன்ரா உள்ளுக்க சொல்லேல்ல?"

"நீங்கதானே யெஸ் சேர் எண்டு சொல்லிட்டீங்கள்."

எதற்காகத் தள்ளினாய் என்று கேட்டேன். அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னான். நான் காலையில் அவனுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தேன், சாப்பாட்டுப் பெட்டியை மறந்து விட்டுவிட்டான் என்று. வகுப்பில் எல்லாருக்கும் கேட்டால் வெட்கப்படுவான் என்று ஆங்கிலத்தில்தான் பேசியிருந்தேன். அது சத்தமாகக் கேட்டுவிட்டது. விழுந்த அந்தப் பையன் அப்போதிலிருந்து என் குரலில், என் உச்சரிப்பில், நடைபாதை நடைபாதையாக அதைப் பேசிக்காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"மார்கஸ் அவனிட்ட ஸ்டொப் எண்டு சொன்னவன். அவன் திரும்பிச் சிரிச்சிட்டுப் போனான். நான் தள்ளிட்டன்."



3

நாங்கள் டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு உயர்ந்த குடியிருப்பில் இருக்கிறோம். பெவர்லியின் வீடு எங்களுக்கு இரண்டு மாடி கீழே. மார்கஸும் கவினும் நான்காம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே போய் வந்தவர்கள். மார்கஸ் எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான். இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு, கரண்டி வேண்டாம் என்று கையாலேயே சாப்பிடுவான். இரண்டு பேரும் பனிக்குள் விளையாடிவிட்டு வந்தால், ஈரக் காலுறைகளை எங்கள் வீட்டு ஹீற்றர்மேல் வரிசையாகப் போடுவார்கள். எது எவனுடையது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் தோய்ப்பேன்.

ஆனால் மார்கஸ் உயரமாக வளர வளர, எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் முகம் மாறியதையும் நான் கவனித்திருக்கிறேன். "உவன் ஆர்?" என்று தமிழில் கேட்பார்கள், அவன் முன்னாலேயே. எங்கள் ஆட்கள் கறுப்பினத்தவர்களைப் பற்றிப் பேசும்போது பாவிக்கும் சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை. மார்கஸுக்கு அந்தச் சொற்கள் விளங்கும். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் இருந்தவனுக்கு விளங்காமல் இருக்குமா?

மருந்துக்கடையில் நாங்கள் சாப்பிடும் அறையில் ஒரு சுவரொட்டி இருக்கிறது. கறுப்பின வரலாற்று மாதம் என்று ஒவ்வொரு பெப்ரவரியிலும் புதிதாக ஒட்டுவார்கள். கறுப்பினச் சமூகத்துக்குத் துணையாக அன்றாடம் என்ன செய்யலாம் என்று அதில் எழுதியிருக்கும். அவர்களுடைய கடைகளில் வாங்குங்கள். அவர்கள் எழுதியதை வாசியுங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அநீதியைக் கண்டால் பேசுங்கள். சென்ற வருடம் அதைப் பார்த்துவிட்டுத்தான், பிளாசாவில் இருக்கும் ஜமேக்கா பேக்கரியில் வெள்ளிக்கிழமைகளில் பற்றிஸ் வாங்கத் தொடங்கினேன். நூலகத்திலிருந்து ஒரு புத்தகமும் எடுத்துப் பாதி வாசித்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்தது.

சண்டை நடந்த மறுநாள் அந்த அறையில் சாப்பிட முடியவில்லை. மார்கஸை இருபது நாட்களுக்கு இடைநிறுத்திவிட்டார்கள், பாடசாலையை விட்டே விலக்குவதா என்று வியாழக்கிழமை தீர்மானிக்கப் போகிறார்கள் என்று கவின் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான்.

4

யோகன் அண்ணை அன்று பின்னேரம் வந்தார். என் கணவருக்கு ஊர்ச் சிநேகிதர். எங்களுக்கு முன்பே வந்தவர். எங்கள் வீட்டில் எந்தச் சிக்கல் என்றாலும் அவரிடம் கேட்காமல் முடிவெடுப்பதில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"தங்கச்சி, நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. ஸ்கூல்காரர் கேட்டினம், நீங்கள் பதில் சொல்லியாச்சு. கதை முடிஞ்சுது. இனிப் போய்க் கிளறினா உங்கட பெடியன்ர பைலில விழும். யுனிவேர்சிற்றிக்குப் போடேக்க அது நிக்கும்."

"அப்ப அந்தப் பிள்ளையின்ர பைல் அண்ணை?"

"அவைக்கு இது புதுசே?"

என் கணவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் வந்த காலத்தில எங்கட பெடியளையும் இப்பிடித்தானே பாத்தவை? நாலு தமிழ்ப் பெடியள் ஒரு டோனற் கடை வாசல்ல நிண்டா ரவுடிக் காங் எண்டு சொல்லி பொலிஸ் வரும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம். அதாலதான் சொல்லுறன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எவ்வளவு காலம் எடுத்துது தெரியுமே, எங்கள நல்ல ஆக்கள் எண்டு இவை சொல்ல? இப்பதான் சொல்லுறாங்கள். அதை ஏன் நீங்களாப் போய்க் கெடுக்கிறியள்?"

அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு முதல் குளிர்கோட் வாங்கித் தந்தவர். அவர் போனபின்னும் அந்தக் கேள்வி வரவேற்பறையில் இருந்தது. நல்ல ஆட்கள் என்ற பெயரைக் காப்பாற்ற, வேறு யாரையாவது கெட்ட ஆட்களின் பக்கத்தில் விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. அதை அவர் ஒளிக்கவில்லை. நாங்கள்தான் இதுவரை காதில் விழாதது போல் இருந்திருக்கிறோம்.

5

எங்கள் வழக்கப்படி, ஒரு வீட்டில் துக்கம் என்றால் வெறுங்கையோடு போவதில்லை. அடுத்த நாள் மத்தியானம் ஐஸ்கிறீம் டப்பாவில் கோழிக்கறியும் சோறும் எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினேன்.

பெவர்லி கதவைத் திறந்து டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் பேசியது ஆங்கிலத்தில். என் நினைவில் நிற்கும்படி தமிழில் எழுதுகிறேன்.

"இன்று காலையிலிருந்து இந்தக் கட்டிடத்தில் எனக்கு மூன்று சாப்பாடு வந்துவிட்டது" என்றாள். "எல்லாரும் கவலைப்படுகிறார்கள். நன்றி. ஆனால் என் மகன் பசியோடு இல்லை."

டப்பாவை வாங்கிக் கதவோரம் வைத்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. மார்கஸின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"கவின் உன்னிடம் சொன்னானா?"

"சொன்னான்."

"அப்போது ஏன் என் வாசலில் நிற்கிறாய்? போய்ச் சொல்லவேண்டியவர்களிடம் சொல்."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அதற்கு அவளிடம் நேரம் இல்லை; சீருடையில் இருந்தாள், பின்னேர வேலைக்குப் போக வேண்டும்.

"அந்த அறையில் நான் இரண்டு கேள்விதான் கேட்டேன்" என்றாள். "பார்த்தவர் யார், எங்கே எழுதியிருக்கிறது என்று. நான் கோபமாகப் பேசுகிறேன் என்று குறித்துக்கொண்டார்கள். உன் கணவர் என்ன கேட்டார்?"

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வரும் வசந்தகாலத்தில் தொடங்கும் மின்வேலைப் பயிற்சி ஒன்றில் மார்கஸுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்தப் பாடசாலை வழியாகக் கிடைத்த இடம். விலக்கினால் அதுவும் போய்விடும். வியாழக்கிழமைக்கு முன் கவின் போய் உண்மையைச் சொன்னால் போதும் என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

6

"என்ர பிள்ளைய நானே காட்டிக் குடுக்கிறதோ?" என்றார் என் கணவர்.

எங்கள் வாழ்க்கையில் இதைவிடக் கொடிய சொல் இல்லை. இராணுவத்துக்குப் பக்கத்தில் முகமூடி போட்டு நின்ற ஒருவன் தலையை ஆட்டினால் பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் திரும்பி வராத காலத்தில் வளர்ந்தவர் அவர். காட்டிக் கொடுக்காமல் இருப்பது ஒன்றே அவருக்குத் தெரிந்த அறம்.

"இஞ்சேருங்கோ, நாங்கள் ஏற்கனவே காட்டிக் குடுத்திட்டம். மார்கஸை."

"நான் அவன்ர பேரைச் சொல்லேல்ல."

"அவர் சொன்னார். நீங்கள் யெஸ் எண்டனீங்கள்."

"நீரும் பக்கத்தில இருந்தனீர்தானே."

அது உண்மை. 

கொழும்பில், வெள்ளவத்தையில் நானும் என் தம்பியும் வாடகைக்கு இருந்த காலம் எனக்கு அன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸ்காரர் தம்பியைக் கொண்டுபோனார்கள். வீட்டுக்காரி ஒரு சிங்கள அம்மா. எங்களோடு சிரித்துப் பேசியதே இல்லை. தண்ணீரை அதிகமாகத் திறந்துவிடுகிறோம் என்று தினமும் சண்டை. அன்று நான் அழுதுகொண்டு போய் நின்றதும், வீட்டுச் செருப்போடு பொலிசுக்கு வந்தாள். இந்தப் பையன் என் வீட்டில் இருக்கிறவன், அன்று வீட்டில்தான் இருந்தான், நான் பார்த்தேன் என்று சிங்களத்தில் சொன்னாள். பின்னேரம் தம்பியை விட்டார்கள். மறுநாள் காலை, வாளி நிரம்பி வழிகிறது என்று மறுபடியும் ஏசினாள்.

அவள் எங்கள்மேல் அன்பு வைத்து வரவில்லை. பார்த்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொன்னாள், அவ்வளவுதான். அதற்கு முன் நான் ஒரு மணித்தியாலமாக அதே வசனத்தைத்தான் அந்தப் பொலிஸ்காரரிடம் சொல்லிக்கொண்டு நின்றேன். என் வாயிலிருந்து வந்தபோது அது அவர்களுக்குக் கேட்கவில்லை.

புதன்கிழமை கவினைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். என் கணவர் வரமாட்டேன் என்றார். ஆனால் பாதை வழுக்கும், பஸ்சில் போக வேண்டாம் என்று தானே காரைக் கொண்டுவந்தார். பாடசாலை வாசலில் எங்களை இறக்கிவிட்டு, இயந்திரத்தை நிறுத்தாமல் முன்னால் பார்த்தபடி இருந்தார்.

7

கவின் நன்றாகவே சொன்னான். எதையும் விடவில்லை. தள்ளியது நான், மார்கஸ் என்னை இழுத்துப் பிடித்தான், பிறகு விழுந்தவனைத் தூக்கினான்.

பிரதி அதிபர் பேனாவை எடுக்கவேயில்லை. அவன் முடித்ததும் கனிவாகச் சிரித்தார்.

"உன்னுடைய விசுவாசத்தை மதிக்கிறேன், கவின். நண்பனுக்காக இப்படி வந்து நிற்பது பெரிய குணம். ஆனால் அவனுடைய பிழையை நீ சுமக்க வேண்டியதில்லை."

இந்த வசனத்தை இன்றும் என்னால் விழுங்க முடியவில்லை. என் பிள்ளை தானே செய்தேன் என்று சொல்கிறான். அதுவும் அவனுடைய நற்குணத்தின் கணக்கில் சேர்கிறது. மார்கஸ் செய்யவில்லை என்று சொல்வது பொய்யின் கணக்கில் சேர்கிறது.

யாராவது உன்னை மிரட்டினார்களா என்றும் கவினிடம் கேட்டார். அவனுடைய காது சிவந்தது.

நான் கதிரையில் பின்னால் சாய்ந்து இருந்தேன். வேண்டுமென்றே அப்படி இருந்தேன். என் ஆங்கிலம் என்னைக் கைவிடும் என்று தெரியும். அந்த ஆங்கிலத்தால்தான் இவ்வளவும் நடந்தது.

"சேர், ரைட் இற் டவுன் பிளீஸ்" என்றேன். எழுதுங்கள் என்று. "மை சன் புஷ். நொற் மார்கஸ். மை ஹஸ்பன்ட் சே யெஸ், பட் ஹி டோன்ற் நோ. ஐ வெயிற். யூ ரைட்."

காலம், வினை எல்லாம் பிழை. அவருடைய முகத்திலிருந்த கனிவு கொஞ்சம் குறைந்தது. பேனாவை எடுத்தார். பெவர்லியின் பெயருக்கு எதிரே குறித்ததைப்போல என் பெயருக்கு எதிரேயும் ஏதாவது குறித்திருப்பார்.

8

மார்கஸை விலக்கவில்லை. ஆனால் சம்பவத்தில் அவனுக்கும் பங்கு இருந்தது என்று இடைநிறுத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாருடைய நலனுக்காகவும் என்று சொல்லி வேறு பாடசாலைக்கு மாற்றிவிட்டார்கள். மின்வேலைப் பயிற்சி அந்தப் பாடசாலையில் இல்லை. தள்ளிய கவினை இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவன் திரும்பிப் போனபோது, நேர்மையானவன் என்று ஒரு ஆசிரியர் முதுகில் தட்டினாராம். அன்று கவின் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

வீட்டில் இப்போது பேச்சு குறைவு. என் கணவருக்குக் கவின் ஆங்கிலத்தில் மட்டும், ஒரு சொல்லில் பதில் சொல்கிறான். அவர் தமிழில் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மார்கஸ் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. கவின் அனுப்பும் செய்திகளைப் பார்க்கிறான், பதில் போடுவதில்லை. இருபது வயதாகும்போது இவர்கள் இருவரும் தெருவில் சந்தித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 

சென்ற கிழமை எலிவேற்றரில் பெவர்லியோடு ஏற நேர்ந்தது. நாங்கள் இருவரும் மட்டும்.

"நீ போய்ச் சொன்னாய். நன்றி" என்றாள். ஒப்புக்குச் சொன்ன நன்றி அல்ல. சொல்லவேண்டும் என்று நினைத்து வைத்திருந்த நன்றி. பிறகு, "மார்கஸ் என்னிடம் ஒன்று கேட்கிறான்" என்றாள். "நான் தள்ளவில்லை என்று முதல் நாளே சொன்னேனே, நான் சொன்னபோது ஏன் எழுதவில்லை, அவர்கள் வந்து சொன்னதும் ஏன் எழுதினார்கள் என்று கேட்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? உன்னிடம் இருக்கிறதா?"

அவளுடைய மாடி வந்தது. பதிலுக்காக நிற்காமல் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து கவினிடம் இதைச் சொன்னேன். அவனுக்கும் தெரியட்டும் என்றுதான். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தமிழில் பேசினான். இந்த நாட்களில் அது அபூர்வம்.

"அம்மா, நீங்கள் வரமுதல் எங்கள் ரெண்டு பேரையும் ஒண்டாத்தான் இருத்தி வச்சவை. மார்கஸ், 'நான் தள்ளேல்ல, நான் தள்ளேல்ல' எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவன். அப்ப ஆர் தள்ளினது எண்டு பிரதி அதிபர் கேட்டவர்."

"மார்கஸ் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்ல. ஹி லுக்ட் அற் மீ. அவ்வளவுதான். என்ர பேரை அவன் சொல்லேல்ல அம்மா."